போகியில் எரிக்கும் முன் ஒரு நிமிடம்: பழைய சேலைப் போர்வையைச் சரிசெய்வது எப்படி?



போன மார்கழிக் கடைசியில் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு எழுதி, தவணை வாங்கி, தீர்மானம் போட்டு முடிக்க ராத்திரி ஒன்பது மணி ஆகிவிட்டது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. அறுபது வயது தாண்டிய உறுப்பினர் ஒருவர் தோளில் ஒரு போர்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். பழைய நூல் சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கையால் நூலோட்டித் தைத்த போர்வை. ஓரமெல்லாம் நார் நாராகத் தொங்கியது.

பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த அவர் மருமகள் சொன்னார்: "மேடம், நீங்களாவது சொல்லுங்க. இதைப் போகிக்கு எரிச்சிரலாம்னு சொன்னா அத்தை ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்கிறாங்க."

பெரியம்மா உடனே, "எங்க ஆத்தா கண்டாங்கி தாயி இதுக்குள்ள இருக்கு. கிழிஞ்சு போச்சுன்னு எப்படி நெருப்புல போடுறது?" என்றார்.

"அத்தை சொல்றது எனக்குப் புரியுது மேடம். ஆனா இதை உதறுனா தூசியும் நூலுமா கொட்டுது. பிள்ளை ராத்திரியெல்லாம் இருமுது. மூட்டைப்பூச்சி வேற. நான் என்ன செய்யட்டும்?"

இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. இந்த மாதிரி வழக்கு நம் குழுக்களில் பல வீடுகளில் உண்டு. அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் எம்.எஸ்.டபிள்யூ. படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். எங்கள் அம்மாச்சி தைத்த போர்வை அழுக்காக இருந்தது. நல்லது செய்கிறேன் என்று கொதிக்கும் வெந்நீரில் சோப்புத்தூளும் பிளீச்சிங் பவுடரும் போட்டு ஊறவைத்தேன். பிறகு கல்லில் போட்டு அடித்துத் துவைத்தேன். நாலு அடியில் துணி கையோடு வந்துவிட்டது. சிவப்புச் சாயம் கரைந்து எல்லா அடுக்கிலும் ஏறியது. அம்மாச்சி என்னைத் திட்டவில்லை. "நல்லா இருக்கணும்னுதானே செஞ்ச" என்று மட்டும் சொன்னார். ஒரு சாண் சேலைக்கரையை மட்டும் எடுத்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

கிழிந்த போர்வையைச் சரிசெய்யும்போது நாம் செய்யும் தப்பு பெரும்பாலும் அவசரத்தால் வருவதுதான். முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, தைத்தவரிடம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு ஊசி. கத்தரிக்கோல் கடைசி. இந்த வரிசை மாறினால் போர்வையும் போகும், மனசும் நோகும்.

போர்வை ஏன் நைந்து போகிறது?

- துணிக்கு முன்னால் நூல் அறுந்துவிடும். தையல் விட்டதும் அடுக்குகள் தனித்தனியாக நகர்ந்து ஒன்றோடொன்று உரசும். அதில்தான் ஓட்டை விழுகிறது.
- தலைமாட்டுப் பக்கம் எண்ணெயும் வியர்வையும் பட்டு மக்கும்.
- எப்போதும் ஒரே மாதிரி மடித்து வைத்தால் மடிப்புக் கோட்டிலேயே கிழியும்.
- பாலியஸ்டர் நூல் பழைய பருத்தியைவிட உறுதியானது. இழுபடும்போது நூல் அறாது, துணிதான் அறுபடும்.
- ஈரம் முழுதாகக் காயாமல் மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஒன்று கவனிக்க வேண்டும். வெளி அடுக்கு போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வெளிச் சேலைதான் தேய்மானத்தை எல்லாம் தாங்குகிறது. உள்ளே இருக்கும் சேலை பல நேரம் நல்ல நிலையில் இருக்கும்.

முதல் வேலை: பார்ப்பது

பகல் வெளிச்சத்தில் போர்வையைக் கயிற்றுக் கட்டிலில் விரியுங்கள். இரண்டு பேர் பிடித்துச் சூரியனுக்கு நேராகத் தூக்கினால் எங்கே மெலிந்திருக்கிறது என்று தெரியும். சந்தேகமான இடத்தில் இரண்டு விரலால் துணியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். காகிதம் மாதிரி கிழிந்தால் அந்த இடம் தனியாக ஊசியைத் தாங்காது. அடியில் வேறு துணி கொடுத்துத்தான் தைக்க வேண்டும்.

சாயம் போகுமா என்றும் பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் இரண்டு நிமிடம் அழுத்தி வையுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தப் போர்வையை நீரில் ஊறவைக்கக் கூடாது. உப்புப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

மூட்டைப்பூச்சி இருந்தால்

தையல் ஓரத்திலும் மடிப்பிலும் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தைப் போர்வையிலோ பாயிலோ கட்டிலிலோ எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் அது உடம்பில் இறங்கும். அதே போர்வையில்தான் குழந்தை படுக்கப் போகிறது.

சூடு போதும். சுமார் 50 டிகிரிக்கு மேல் சூடு உள் அடுக்கு வரை போய் நின்றால் மூட்டைப்பூச்சி சாகும். நல்ல வெயில் நாளில் போர்வையை மெல்லிசாக மடித்துக் கறுப்பு பாலிதீன் பையில் இறுகக் கட்டி, உச்சி வெயிலில் திருப்பித் திருப்பிப் போடுங்கள். மூன்று நான்கு நாள் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். கட்டில் சந்தையும் சுவர் வெடிப்பையும் சேர்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் பூச்சி திரும்ப வந்துவிடும்.

துவைப்பது எப்படி?

துவைக்கும் முன் பெரிய கிழிசல்களை நீளத் தையலில் தற்காலிகமாகப் பிடித்துவிடுங்கள். ரொம்ப நைந்த இடத்தின் மேல் பழைய வேட்டித் துண்டை வைத்துச் சுற்றிலும் லேசாகத் தைத்துவிட்டால் இன்னும் நல்லது.

அகலமான தொட்டியில் பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள். அரை மணி நேரம் ஊறினால் போதும். கையால் அமுக்கி அமுக்கி அழுக்கை எடுங்கள். கல்லில் அடிக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், பிரஷ் போடாதீர்கள். தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.

ஈரப் போர்வை கனமாக இருக்கும். நுனியைப் பிடித்துத் தூக்கினால் அந்தக் கனத்திலேயே கிழியும். அடியில் ஒரு பழைய சேலையைப் போட்டு, அதோடு சேர்த்து இரண்டு பேர் தூக்க வேண்டும். கொடியில் தொங்கவிடாமல் கயிற்றுக் கட்டிலில் விரித்து, காற்றோட்டமான நிழலில் காயவையுங்கள். உள் அடுக்கு காய இரண்டு நாள்கூட ஆகும்.

எந்தப் போர்வைக்கு எந்த வைத்தியம்?

1. தையல் மட்டும் விட்டிருந்தால்

துணி நன்றாக இருக்கிறது, நூல்தான் போயிருக்கிறது என்றால் வேலை சுலபம். சமமான தரையில் விரித்து நாலு மூலையிலும் செங்கல் வையுங்கள். நடுவிலிருந்து வெளியே பார்த்து, அரையடிக்கு ஒரு கோடாக நீளத் தையல் போட்டு அடுக்குகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய தையல் போன வழியிலேயே பருத்தி நூலில் ஓட்டுத் தையல் போடுங்கள். தையல் அரிசி அளவில் இருந்தால் போதும். நூலை இறுக்கி இழுக்காதீர்கள், சுருக்கம் விழும். முடிச்சை அடுக்குக்குள் மறைத்துவிடுங்கள்.

2. ஓரமும் சில இடங்களும் போயிருந்தால்

ஒட்டுப் போட வேண்டும். இதில் எல்லாரும் செய்யும் தவறு, புதுத் துணியில் ஒட்டுப் போடுவது. புதுத் துணி முதல் துவைப்பில் சுருங்கும். சுற்றி இருக்கும் பழைய துணியைவிட உறுதியாகவும் இருக்கும். அதனால் ஒட்டைச் சுற்றியே மறுபடி கிழியும். பல தடவை துவைத்த பழைய நூல் சேலைதான் ஒட்டுக்குச் சரி.

ஓட்டையின் அளவுக்கு ஒட்டு வெட்டாதீர்கள். நாலு பக்கமும் நல்ல துணி மேல் ஒன்றரை அங்குலம் ஏறும்படி வெட்டுங்கள். மூலைகளைக் கொஞ்சம் வளைவாக வெட்டினால் எளிதில் பிரியாது. விளிம்பைக் கால் அங்குலம் உள்ளே மடித்து எம்மிங் செய்யுங்கள். பிறகு ஒட்டின் மேலே எல்லா அடுக்கையும் பிடிக்கும்படி ஓட்டுத் தையல் ஓட்டுங்கள். மேல் அடுக்கில் மட்டும் தைத்தால் நிற்காது.

ஓரத்துக்கு மூன்று அங்குல அகலப் பட்டை போதும். பழைய சேலையின் கரை இருந்தால் அழகாகவும் இருக்கும், உறுதியாகவும் இருக்கும்.

3. மேல் அடுக்கு முழுவதும் போயிருந்தால்

மேலேயும் கீழேயும் வேறு சேலை கொடுத்து, பழைய போர்வையை உள்ளே வைத்துத் தைத்துவிடலாம். ஐந்தரை மீட்டர் சேலை என்பது 18 அடி. அகலம் ஏறக்குறைய நாலு அடி. ஆறடிப் போர்வைக்கு மேலே ஆறடி, கீழே ஆறடி போக, மிச்சம் ஆறடி பட்டைக்கும் ஒட்டுக்கும் ஆகும். ஒரே சேலையில் வேலை முடிந்துவிடும். ஆனால் போர்வை கனமாகும். துவைக்க ஆள் துணை வேண்டும் என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

4. பாதிக்கு மேல் நைந்திருந்தால்

இதைத்தான் வெட்ட வேண்டும். அதிலும் முதலில் தைக்க வேண்டும், பிறகுதான் வெட்ட வேண்டும். நல்ல பகுதியைச் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்கு உள்பக்கமாக இரண்டு வரிசைத் தையல் ஓட்டிவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் கத்தரி பட்டதும் அடுக்குகள் பிரிந்து கையில் வரும்.

வெட்டிய துண்டில் என்ன செய்யலாம்?

- உட்காரும் விரிப்பு: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. குழுக் கூட்டத்துக்கும் ஆகும், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்கவும் ஆகும்.
- அடுப்படித் துணி: சூட்டுப் பாத்திரம் இறக்க ஒரு சாண் சதுரம். சுத்தப் பருத்தி மட்டும். உள்ளே ஒரு அடுக்கு நைலக்ஸ் இருந்தாலும் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகி உருண்டையாகும்.
- குழந்தைக்குக் கீழே விரிக்க: நல்ல பகுதியை மட்டும் எடுங்கள். விரிக்க மட்டும்தான். கனமான போர்வையைப் பச்சைக் குழந்தையின் முகம் வரை போர்த்தக் கூடாது. தொங்கும் நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளாமல் வெட்டிவிடுங்கள்.
- படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு: முடிச்சும் தடித்த ஒட்டும் முதுகில் அழுத்தினால் புண்ணாகும். சமமான துண்டாகப் பாருங்கள்.
- கைப்பை, கால்மிதி, மழைக்காலத்தில் கன்றுக்குட்டிக்கு விரிப்பு.

மாதவிடாய்த் துணிக்கு இதிலிருந்து வெட்ட வேண்டாம். பல அடுக்குத் துணி உள்ளே சரியாகக் காயாது, அழுக்கும் முழுதாகப் போகாது.

எடுத்து வைக்கும்போது

மடிக்கும் இடத்தை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். சுத்தமான வேட்டியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை காற்றாட விடுங்கள். குழந்தைக்குப் பயன்படும் துணியில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு குறைபாட்டால், அந்துருண்டை நெடி பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரும். நம்ம வீட்டுக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டா இல்லையா என்று பார்த்தால் தெரியாது.

இது நம்ம ஊர் வேலை மட்டும் இல்லை

நாம் 'கந்தை' என்று சொல்கிறோமே, வங்காளத்தில் 'காந்தா' என்பதும் அதே சொல்தான். பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டித் தைத்ததுதான் அங்கே காந்தா. மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் கவந்தி தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியில் 'பூ' வைத்துத் தைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முழுமை.

பீகாரில் பிறந்த குழந்தைக்காகப் பழைய சேலையில் தைப்பது சுஜனி. முசாபர்பூர் மாவட்டம் பூசுரா கிராமத்தில் 1988-ல் பெண்கள் சேர்ந்து இந்த வேலையை மீண்டும் எடுத்தார்கள். வரதட்சணை, பெண் சிசுக்கொலை போன்ற தங்கள் பிரச்சினைகளையே படமாகத் துணியில் தைத்து விற்றார்கள். இதை முன்னின்று நடத்திய நிர்மலா தேவிக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இதைக் கேட்டதும் சில குழுக்களில், "மேடம், நாமளும் கடன் வாங்கி ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்கள். என் பதில்: கடன் வேண்டாம், முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு போர்வை சரிசெய்ய நாலு மாலை, தினம் இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால் எட்டு மணி நேரம், அதாவது ஒருநாள் வேலை. உங்கள் ஊரில் களையெடுக்கும் கூலி 300 ரூபாய், நூலுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அடக்கம் 340 ரூபாய். அந்த விலைக்கு வாங்க ஆள் உண்டா? முதலில் இரண்டு மூன்று செய்து காட்டி, ஆர்டர் கையில் வந்த பிறகு பேசலாம். விற்காமல் வீட்டுக்கே செய்தாலும் மணி நேரத்தைக் குறித்து வையுங்கள். வீட்டில் நாம் செய்யும் வேலைக்கு என்ன மதிப்பு என்று நமக்கே அப்போதுதான் தெரியும்.

அந்தப் போர்வை என்ன ஆச்சு?

மறுநாள் காலையில் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மாமியார், மருமகள், நான் மூன்று பேரும் கட்டிலில் விரித்துப் பார்த்தோம். தலைமாடும் இரண்டு ஓரமும் தொட்டாலே உதிர்ந்தது. பாதிக்கு மேல் தேறாது. மேலே இருந்த சுங்குடி முழுக்கப் போய்விட்டது. நடுவில் இருந்த கண்டாங்கி மட்டும் நன்றாக இருந்தது.

"இதை வெட்டாம காப்பாத்த முடியாது பெரியம்மா. எதை வெச்சுக்கணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருமகளிடம் கண்டாங்கி இருந்த நடுப்பகுதியைக் காட்டி, "இது பிள்ளைக்கு விரிக்க ஆகும். மத்ததை வெட்டு" என்றார். மருமகள், "நீங்களே கோடு போடுங்க அத்தை" என்று சாக்பீஸைக் கொடுத்தார்.

வெயில் ஏறும்வரை காத்திருந்து, பூச்சி போக வெயிலில் வைத்து, துவைத்து, ஆறு மாலையில் முடித்தார்கள். ஓட்டுத் தையல் மாமியார், எம்மிங் மருமகள். நாலடிக்கு மூன்றடி விரிப்பு ஒன்று, அடுப்படித் துணி மூன்று கிடைத்தது. உதிர்ந்துபோன பருத்தித் துண்டுகளை எருக்குழியில் போட்டார்கள். போகியில் எதையும் எரிக்கவில்லை.

இன்னொன்று. குழந்தையின் இருமலுக்குப் போர்வைதான் காரணம் என்று நாங்கள் விட்டுவிடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் யாருக்கு இருந்தாலும் கட்டாயம் காட்ட வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

1. உங்கள் வீட்டில் இப்படிப் பழைய போர்வை இருக்கிறதா? யார் தைத்தது, யார் யார் சேலை அதில் இருக்கிறது?
2. உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?
3. நன்றாகத் தைக்கத் தெரிந்த பெரியவர்கள் குழுவில் யார்? ஒரு நாள் மற்றவர்களுக்குக் கற்றுத்தருவார்களா?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நான் வரும்போது கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்